குழந்தைக்கு முயலும்போது லூப்ரிகன்ட் ஜெல் போடலாமா? வாசகர் கேள்வி - பதில்

குழந்தைக்காக முயலும் தம்பதியரிடமிருந்து வறட்சி, வலி, வழவழப்பு ஜெல் பற்றி வந்த கேள்விகளுக்கு மகப்பேறு நலப் பிரிவு பதில் தருகிறது. கேட்டவர்களின் பெயர்களைத் தவிர்த்திருக்கிறோம்.

டாக்டர், ஆறு மாதமாகக் குழந்தைக்கு முயல்கிறோம். எனக்கு வறட்சி அதிகம் என்பதால் ஆரம்பத்திலிருந்தே கடையில் கிடைத்த சாதாரண லூப்ரிகன்ட் ஜெல்லைத்தான் போடுகிறோம். அது விந்தணுவைச் செயலிழக்க வைத்துவிடும் என்று இப்போதுதான் தெரிந்தது. இந்த ஆறு மாதமும் வீண்தானா?

வீண் என்று முடிவுகட்டிவிட வேண்டாம். நீங்கள் கேள்விப்பட்டது பொய்யும் இல்லை. ஆய்வுக்கூடத்தில் விந்தணுக்களைச் சாதாரண ஜெல்லோடு கலந்து வைத்தால், சில ஜெல்களில் ஒரு மணி நேரத்துக்குள் அவற்றின் நகர்வு 60 முதல் 100 சதவீதம் வரை குறைந்துவிடுகிறது. பெயர்பெற்ற ஜெல்களிலேயே இது நடந்திருக்கிறது. ஆனால், குழந்தைக்கு முயன்றுகொண்டிருந்த 30 முதல் 44 வயது வரையிலான 296 பெண்களைத் தொடர்ந்து கவனித்து, 2012-ல் வெளியான ஓர் ஆய்வில் லூப்ரிகன்ட் போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் கருத்தரிக்கும் வாய்ப்பில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் தெரியவில்லை.

இரண்டும் எப்படி ஒத்துப்போகும்? சோதனைத் தட்டில் விந்தணு ஜெல்லுக்குள்ளேயே ஊறிக் கிடக்கிறது, தப்பிக்க வழியில்லை. உடலில் விந்து கருப்பை வாய்க்கு அருகே விழுகிறது. முன்னால் ஓடும் விந்தணுக்கள் சில நிமிடங்களிலேயே கருப்பை வாய்ச் சளிக்குள் நுழைந்துவிடுகின்றன. ஜெல்லோ பெரும்பாலும் வாசல் பக்கத்திலேயே தங்கிவிடுகிறது.

அப்படியானால் பழைய ஜெல்லையே தொடரலாமா என்றால், மாற்றிக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்வோம். அந்த 296 பேரும் குழந்தையின்மைப் பிரச்சினை இருந்ததாகத் தெரியாதவர்கள். முயலத் தொடங்கி மூன்று மாதம்கூட ஆகாத நிலையில் ஆய்வில் சேர்ந்தவர்கள். விந்தணு எண்ணிக்கையோ நகர்வோ ஏற்கெனவே குறைவாக இருக்கும் தம்பதிக்கு அந்த முடிவை அப்படியே பொருத்திப் பார்க்க முடியாது. உங்கள் கணவரின் நிலவரம் இன்னும் தெரியாத நிலையில், இருக்கும் விந்தணுக்களுக்குத் தொல்லை தராத ஜெல்லே நல்லது.

சாதாரண ஜெல்லில் அப்படி என்னதான் கோளாறு? நாங்கள் வாங்கியதில் 'பெண்ணுறுப்பின் பி.எச். அளவுக்கு ஏற்றது' என்றே போட்டிருக்கிறதே?

அந்த வாசகமே உங்களுக்கு எதிரானது! பி.எச். என்பது அமில-கார அளவு, 7-க்குக் கீழே அமிலம், மேலே காரம். பெண்ணுறுப்பின் இயல்பான பி.எச். 3.8 முதல் 4.5 வரை, அதாவது அமிலத்தன்மை. நோய்க்கிருமிகளை அண்டவிடாமல் வைத்திருப்பது இந்த அமிலம்தான். ஆகவே பொதுவான பயன்பாட்டுக்கான லூப்ரிகன்ட் 4.5 அளவில் இருப்பது நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். குழந்தைக்கு முயலாதவர்களுக்கு அது சரியான அறிவுரை. ஆனால் விந்தணுவுக்கு அமிலம் ஆகாது. விந்தின் பி.எச். 7.2-லிருந்து 8 வரை இருக்கும். சினைமுட்டை வெளிவரும் நாட்களில் கருப்பை வாய்ச் சளியும் 7-க்கு மேல் போய்விடும். அந்த நாட்களில் உடலே அமிலத்தைக் குறைத்து வழிவிடும்போது, மேலும் ஒரு கரண்டி அமில ஜெல்லை ஊற்றுவது எதிர்வேலை.

இரண்டாவது கோளாறு, அட்டையைப் பார்த்தால் தெரியாதது: ஆஸ்மோலாலிட்டி. ஒரு திரவத்தில் எவ்வளவு பொருள் கரைந்திருக்கிறது என்பதைக் காட்டும் அளவு இது. விந்தணு வசதியாக இருப்பது கிலோவுக்கு ஏறத்தாழ 280 முதல் 380 மில்லி ஆஸ்மோல் வரையுள்ள திரவத்தில். கிளிசரினும் புரோப்பிலீன் கிளைக்காலும் தாராளமாகச் சேர்த்த ஜெல்கள் பல 2000-ஐத் தாண்டிவிடும். 'சூடேற்றும்' வகை அதற்கும் மேலே. அப்படிப்பட்ட ஜெல்லில் விழுந்த விந்தணு, உப்புப் போட்ட காய் நீர்விட்டுச் சுருங்குவதுபோல உள்நீரை இழந்து, நகராமல் நின்றுவிடும். பெண்ணுறுப்பின் உட்சுவரும் இதே முறையில் நீரை இழக்கும். வறட்சிக்கென்று போட்ட ஜெல்லே சற்று நேரத்தில் எரிச்சலைக் கூட்டுகிறது என்று சிலர் சொல்வதற்கு இது ஒரு காரணம். பொதுவான லூப்ரிகன்ட்டுக்கும் உலக சுகாதார நிறுவனத்தின் மேல்வரம்பு 1200தான்.

மூன்றாவது, கெட்டுப்போகாமல் இருக்கச் சேர்க்கும் பொருட்கள். குளோர்ஹெக்ஸிடின் கிருமிகளைக் கொல்லும்போது நன்மை செய்யும் லாக்டோபேசில்லஸ் பாக்டீரியாவையும் சேர்த்தே கொல்லும். 'நோனாக்ஸினால்-9' என்ற பெயரைக் கண்டால் அந்தக் குழாயை அப்படியே வைத்துவிட்டு வாருங்கள். விந்தணுவை அழிப்பதற்கென்றே சேர்க்கப்படும் கருத்தடைப் பொருள் அது.

'ஃபெர்ட்டிலிட்டி ஃப்ரெண்ட்லி' என்று போட்டிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாமா?

அந்தச் சொல்லை மட்டும் நம்பி வாங்க வேண்டாம். யார் வேண்டுமானாலும் அட்டையில் அச்சடிக்கக்கூடிய சொல் அது. பார்க்க வேண்டியது, விந்தணு உயிர்வாழும் சோதனையும் எலிக்கரு சோதனையும் செய்யப்பட்டதா என்பது. முதலாவதில் மனித விந்தணுவை ஜெல் கலந்த திரவத்தில் வைத்து நகர்வைக் கணக்கிடுவார்கள். இரண்டாவதில் எலியின் ஆரம்பநிலைக் கரு அந்தத் திரவம் பட்ட பிறகும் ஒழுங்காக வளர்கிறதா என்று பார்ப்பார்கள். அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம், விந்தணு, சினைமுட்டை, கரு மூன்றுக்கும் இணக்கமான லூப்ரிகன்ட்டுகளுக்கென்றே தனி வகை வைத்திருக்கிறது. ப்ரீ-சீட், கன்சீவ் பிளஸ் போன்றவை இந்தத் தேவைக்கென்றே விற்கப்படும் ஜெல்கள். உள்ளே இருக்கும் தாளில் பி.எச். 7-க்கு மேல், ஆஸ்மோலாலிட்டி 400-க்குள் என்று எழுதியிருந்தால் நம்பிக்கை கூடும். வழவழப்புக்கு ஹைட்ராக்ஸிஎத்தில் செல்லுலோஸ் சேர்த்திருப்பதும் நல்ல அறிகுறி. அது விந்தணுவின் நகர்வைக் கெடுப்பதில்லை.

ஒரு விஷயத்தில் ஏமாற வேண்டாம். இந்த ஜெல்கள் விந்தணுவுக்குத் தீங்கு செய்யாதவை, அவ்வளவே. கருத்தரிக்கும் வாய்ப்பைக் கூட்டும் மருந்து கிடையாது. இயல்பாகவே ஈரம் போதுமான அளவு இருக்கிறவர்கள் இதை வாங்கத் தேவையே இல்லை. வாசனை, நிறம், சுவை, சூடு, குளிர்ச்சி சேர்த்த வகைகளை, அட்டையில் என்ன போட்டிருந்தாலும், தவிர்த்துவிடுங்கள். சிலிகான் ஜெல் தண்ணீரில் கரையாமல் படலமாக ஒட்டிக்கொள்ளும். விந்தணுவுக்கு ஏற்றது என்று சோதித்துச் சொல்லப்படாத சிலிகான் ஜெல்லை இந்த நாட்களில் ஒதுக்கிவையுங்கள்.

ஜெல்லோடு ஊசி இல்லாத சிரிஞ்ச் மாதிரி ஒன்று தந்திருக்கிறார்கள். எவ்வளவு, எப்போது, எப்படிப் போடுவது? முதல் தடவை போட்டபோது எல்லாம் வழிந்துவிட்டது.

வழிந்தது அளவு கூடியதால். தொடக்கத்தில் 1 கிராம் போதும். போதவில்லை என்றால் அடுத்த முறை 2 கிராம். 3 கிராமுக்கு மேல் பெரும்பாலானவர்களுக்குத் தேவைப்படாது. அந்த அப்ளிகேட்டரில் கோடு போட்டிருக்கும், அதைப் பார்த்து நிரப்புங்கள். ஒரே தடவைக்கென்று நிரப்பியே வரும் வகையாக இருந்தால் முழுவதையும் அழுத்த வேண்டிய கட்டாயம் இல்லை, பாதியில் நிறுத்திக்கொண்டு மீதியை எறிந்துவிடலாம்.

கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொள்ளுங்கள். மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி, நுனியைச் சற்றுப் பின்பக்கமாக, முதுகெலும்பு இருக்கும் திசையில் சாய்த்து, வலிக்காத தூரம் வரை மெதுவாக நுழைத்து, பிறகு அழுத்துங்கள். நேராக மேல்நோக்கித் தள்ளினால்தான் இடிக்கும். உறவுக்கு 15 நிமிடங்களுக்குள் போட்டால் போதும், அதற்கு முன்பே போட்டால் எழுந்து நடக்கும்போது வழியும். வாசலிலும் கணவரின் உறுப்பிலும் ஒரு பட்டாணி அளவு தடவுங்கள். உரசல் அதிகம் தெரிவது வாசலில்தான். பலருக்கு உள்ளே எதுவும் போடாமல் இது மட்டுமே போதுமானதாக இருக்கிறது.

நடுவில் காய்ந்துபோனால் எச்சிலையோ தண்ணீரையோ தொடாமல், அதே ஜெல்லிலிருந்து இன்னும் கொஞ்சம் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு விதமான ஜெல்லைக் கலப்பதும் வேண்டாம். சில்லென்று இருந்தால் குழாயை ஒரு நிமிடம் உள்ளங்கையில் பிடித்திருங்கள், வெந்நீரில் போடாதீர்கள். மறுபடி பயன்படுத்தலாம் என்று எழுதியிருக்கும் அப்ளிகேட்டரை மட்டும், தாளில் சொன்னபடி கழுவி உலர்த்தி வையுங்கள்.

அளவு மிஞ்சினால் இன்னொரு சிக்கலும் வரும். வெளியே பேசத் தயங்குவார்கள். வழுக்கல் அதிகமாகி உரசல் குறைந்துவிடுவதால் கணவருக்கு விந்து வெளிவரத் தாமதமாகலாம், வராமலே போகலாம். 'இன்றைக்கு விட்டால் இந்த மாதமே போச்சு' என்ற பதற்றமும் சேர்ந்துகொண்டால் கேட்கவே வேண்டாம். அளவைக் குறைத்துப் பாருங்கள்.

முதல்முறை போடுவதற்கு முந்தைய நாள் முன்கையின் உட்புறத்தில் துளி தடவி, அரிப்போ சிவப்போ வருகிறதா என்று பார்ப்பது நல்லது. உள்ளே எரிந்தால் வெளிப்புறத்தைச் சாதாரணத் தண்ணீரால் கழுவிவிட்டு நிறுத்திவிடுங்கள். உள்ளே தண்ணீர் பீய்ச்சிக் கழுவ வேண்டாம். நல்ல பாக்டீரியாக்களை அது கலைத்துவிடும். மீன் வாடையோடு வெள்ளைப்படுதல் அடிக்கடி வருகிறவர்கள் முதலில் அதற்குச் சிகிச்சை எடுத்துக்கொண்டு, பிறகு இந்த ஜெல்லைத் தேவையான நாட்களில் மட்டும் போடுங்கள்.

தேங்காய் எண்ணெய் இயற்கையானதுதானே? பேபி ஆயில், எச்சில், முட்டை வெள்ளைக்கரு என்று ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.

எச்சில் வேண்டாம். அதில் செரிமான நொதிகள் இருக்கின்றன, விந்தணுவுக்கு ஏற்ற உப்பளவும் இல்லை. சோதனைத் தட்டில் விந்தணுவின் வேகத்தை அது குறைத்தது. வாயிலுள்ள கிருமிகளும் கூடவே போகும். இலவசமாகவும் உடனே கைக்குக் கிடைப்பதாகவும் இருப்பதால், ஜெல்லே போடுவதில்லை என்று சொல்கிற தம்பதிகளும் யோசிக்காமல் எச்சிலைப் பயன்படுத்துவது உண்டு.

வெள்ளைக்கரு, கருப்பை வாய்ச் சளிபோலத் தோற்றமளிப்பதால் வந்த யோசனை. பச்சை முட்டையில் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம், ஒவ்வாமையும் வரலாம். விட்டுவிடுங்கள்.

எண்ணெய்களில் எல்லாம் ஒன்றல்ல. ஆய்வுக்கூடச் சோதனையில் ஆலிவ் எண்ணெய் விந்தணுவின் நகர்வைக் குறைத்தது. கனோலா எண்ணெயும், பேபி ஆயிலுக்கு அடிப்படையான மினரல் எண்ணெயும் குறைக்கவில்லை. ஆக, ஒரு எண்ணெய் இயற்கையானது என்பதால் மட்டும் அது விந்தணுவுக்கு நல்லது என்று ஆகிவிடாது. தேங்காய் எண்ணெய், மேலே சொன்ன விந்தணு, கருச் சோதனைகளைத் தாண்டிச் சான்று பெற்று வரும் பொருள் அல்ல. தவிர, உள்ளே போன எண்ணெய் எளிதில் கழுவிக்கொண்டு வராது. உள்ளே எண்ணெய் விடும் பெண்களிடம் கேண்டிடா பூஞ்சை அதிகம் காணப்பட்டிருக்கிறது, பெட்ரோலியம் ஜெல்லி போடுபவர்களிடம் பாக்டீரியல் வஜினோசிஸ் (நல்ல பாக்டீரியா குறைந்து மற்றவை பெருகும் நிலை) அதிகம். என்றோ ஒருநாள் வெளிப்புறத்தில் ஒரு துளி தடவியதற்காகக் கவலைப்பட வேண்டாம், அதையே வழக்கமாக்க வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. ரப்பர் ஆணுறை போடும் நாட்களில் எந்த எண்ணெயும் கூடாது, ஆணுறை கிழிந்துவிடும்.

வெள்ளைக்கரு மாதிரி நீண்டு வரும் சளியைப் பார்த்துத்தான் கருத்தரிக்கும் நாட்களைக் கணிக்கிறேன். ஜெல் போட ஆரம்பித்த பிறகு எது சளி, எது ஜெல் என்றே புரியவில்லை.

குழப்பம் நியாயமானது. ஜெல்லும் விந்தின் மிச்சமும் மறுநாள் காலைவரை வந்துகொண்டிருக்கும், இரண்டுமே வழுவழுப்பானவை. சளியைப் பார்ப்பதை உறவு கொண்ட மறுநாள் காலையில் செய்யாமல், மதியத்துக்குமேல் செய்யுங்கள். சந்தேகமாக இருந்தால் ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் எடுத்து விரலில் உள்ளதை அதில் விடுங்கள். கருப்பை வாய்ச் சளி உருண்டையாகத் திரண்டு அடியில் போய் நிற்கும். ஜெல்லும் விந்தும் கரைந்து தண்ணீரைக் கலக்கிவிடும். இரண்டு விரலுக்கு நடுவே இழுக்கும்போது அறுந்துபோகாமல் சில சென்டிமீட்டர் நீள்வதும் உண்மையான சளியின் அடையாளம்.

சினைமுட்டை வெளிவருவதற்கு முன் கூடும் எல்.எச். ஹார்மோனைச் சிறுநீரில் பார்க்கும் பட்டையை நம்பலாம், ஜெல் அதன் முடிவை மாற்றாது. கோடு அழுத்தமாக வந்த பிறகு 24 முதல் 36 மணி நேரத்தில் சினைமுட்டை வெளிவரும். அந்த முட்டை 12 முதல் 24 மணி நேரம்தான் தாங்கும். விந்தணுவோ நல்ல சளியில் 5 நாள்வரை உயிரோடு இருக்கும். அதனால்தான் சினைமுட்டை வெளிவரும் நாளையும் அதற்கு முந்தைய 5 நாட்களையும் சேர்த்து 6 நாள் என்கிறோம். அந்த நாட்களில் தினமும் அல்லது ஒருநாள் விட்டு ஒருநாள் உறவு போதும். ஜெல்லை மாற்றுவதென்றால் 'முக்கியமான நாள்' வரும்போது மட்டும் மாற்றாமல், மாதம் முழுவதும் ஒரே ஜெல்லை வைத்துக்கொள்ளுங்கள். சினைமுட்டை எதிர்பார்த்த நாளுக்கு முன்பே வெளிவந்துவிடும் மாதங்களும் உண்டு.

என் கணவருக்கு விந்துப் பரிசோதனை எழுதிக்கொடுத்திருக்கிறார்கள். மாதிரி எடுக்கும்போது ஜெல் போடலாமா?

எதுவும் போடக்கூடாது, எச்சிலும்தான். தவிர்க்க முடியாத நிலையென்றால் எதைப் போடலாம் என்று அந்த ஆய்வுக்கூடத்திடமே முன்கூட்டிக் கேளுங்கள். 2 முதல் 7 நாள் இடைவெளி விட்டு எடுக்க வேண்டும். சாதாரண ஆணுறையில் எடுத்துவரக்கூடாது, அந்த ரப்பரும் அதில் பூசியிருப்பதும் விந்தணுவைப் பாதிக்கும். முதலில் வரும் பகுதியில்தான் விந்தணு அதிகம், அது சிந்திப்போனால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

கருமுட்டை வளர மாத்திரை எடுத்துக்கொள்கிறேன். அதற்குப் பிறகுதான் வறட்சி வந்தது. மாத்திரை காரணமா?

குளோமிஃபீன் என்றால் இருக்கலாம். ஈஸ்ட்ரோஜன் வேலை செய்யும் இடங்களை அது அடைத்துக்கொள்வதால் மூளை ஏமாந்து, முட்டை வளர அதிக ஹார்மோனை அனுப்புகிறது. மாத்திரை பயன் தருவதே இந்த ஏமாற்றத்தால்தான். ஆனால் அதே அடைப்பு கருப்பை வாயிலும் நடப்பதால் சளி குறைந்து கெட்டியாகலாம். 5 நாள் மாத்திரை முடிந்த பிறகும் மருந்து உடலில் சில நாட்கள் தங்கியிருக்கும். முட்டை வளரத் தரப்படும் இன்னொரு மாத்திரையான லெட்ரசோல் அந்த இடங்களை அடைப்பதில்லை, உடலை விட்டும் சீக்கிரம் வெளியேறிவிடும். நீங்களாக நிறுத்தவோ மாற்றவோ வேண்டாம். 'மாத்திரைக்குப் பிறகு சளியே வருவதில்லை' என்று மருத்துவரிடம் சொல்லுங்கள், மாற்ற வேண்டுமா என்று அவர் முடிவுசெய்வார். அதுவரை கருத்தரிப்புக்கு ஏற்ற ஜெல் கைகொடுக்கும். ஆனால் அது கருப்பை வாய்ச் சளியின் வேலையைச் செய்யாது. ஜலதோஷ, அலர்ஜி மாத்திரைகளும் சிலருக்கு வறட்சி தரும், தாய்ப்பால் கொடுக்கும் மாதங்களிலும் வறட்சி சகஜம்.

உறவு முடிந்து எழுந்ததும் எல்லாம் வெளியே வந்துவிடுகிறது. ஜெல் அதை இன்னும் இழுத்துக்கொண்டு வருமா? இடுப்புக்குக் கீழே தலையணை வைக்கலாமா?

வெளியே வருவது பெரும்பாலும் விந்துத் திரவமும் ஜெல்லும். போக வேண்டிய விந்தணுக்கள் அதற்குள் கருப்பை வாயைத் தாண்டியிருக்கும். தலையணை வைத்தாலும் காலைத் தூக்கினாலும் வாய்ப்பு கூடுவதாகச் சான்றில்லை.

விந்தணுவுக்கு ஏற்ற ஜெல்தான் போடுகிறோம். அப்படியும் வலி குறையவில்லை. சில நாள் உள்ளே நுழையவே முடிவதில்லை. எத்தனை மாதம் பொறுத்துப் பார்ப்பது?

வலிக்காகப் பொறுத்திருக்கவே வேண்டாம், இப்போதே போங்கள். மகளிர் மருத்துவரிடம் 'வலிக்கிறது' என்று மட்டும் சொல்லாமல், எங்கே, எப்போது என்று சொல்லுங்கள். வாசலிலேயே எரிகிறதென்றால் பூஞ்சைத் தொற்று, வறட்சி, தோல் பிரச்சினை இவற்றை முதலில் பார்ப்பார்கள். ஆழத்தில் குத்துகிறது, பீரியட்ஸ் வலியும் கடுமை என்றால் எண்டோமெட்ரியோசிஸைப் (கருப்பை உட்சுவர் போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளர்வது) பார்ப்பார்கள். நுழையும்போதே தசை தானாக இறுகி அடைத்துக்கொள்கிறதென்றால் அது வஜினிஸ்மஸாக இருக்கலாம். அதற்கு எத்தனை ஜெல் போட்டாலும் பயனில்லை. இடுப்புத்தளத் தசைகளைத் தளர்த்தும் பயிற்சியும், சிறியதிலிருந்து பெரியதாகப் படிப்படியாகச் செல்லும் டைலேட்டர்களும் (உள்ளே வைத்துப் பழகும் உருளைகள்), ஆலோசனையும்தான் சிகிச்சை. பலருக்கு நன்றாகக் குணமாகிறது. மனைவி 'ஒத்துழைக்கவில்லை' என்று பழிசொல்வது இறுக்கத்தை இன்னும் கூட்டும், கணவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

வலி இல்லாமல் முயன்றும் கரு நிற்காதவர்களுக்குத்தான் மாதக் கணக்கு: பெண்ணுக்கு 35 வயதுக்குள் என்றால் ஒரு வருடம், 35-ஐத் தாண்டியிருந்தால் ஆறு மாதம், 40-க்கு மேல் என்றால் காத்திருக்காமல் உடனே. பீரியட்ஸ் ஒழுங்கில்லாமல் வருகிறவர்களும் காத்திருக்க வேண்டியதில்லை.

வஜினிஸ்மஸ் சிகிச்சை நடந்துகொண்டிருக்கும்போதே குழந்தைக்கும் முயலலாம். சுத்தமான, மூடியுள்ள கிண்ணத்தில் விந்தை எடுத்து, அது நீர்த்துப்போக 15 முதல் 30 நிமிடம் விட்டு, ஊசி இல்லாத புதிய சிரிஞ்சில் மெதுவாக இழுத்து, காற்றை வெளியேற்றிவிட்டு, பெண்ணுறுப்புக்குள் மெல்ல விடுவார்கள். கருப்பைக்குள் செலுத்தக்கூடாது, அதை மருத்துவமனையில் விந்தைக் கழுவிச் சுத்தம் செய்த பிறகுதான் செய்வார்கள். இருவருக்கும் தொற்றுப் பரிசோதனை முடிந்த பிறகு, உங்கள் மருத்துவர் ஒருமுறை காட்டிக்கொடுத்தால் வீட்டிலேயே செய்யலாம். சிரிஞ்சின் நுனியில் ஜெல் தடவ வேண்டியிருந்தால், அதற்கும் விந்தணுவுக்கு ஏற்ற ஜெல்லையே எடுங்கள்.